டொராண்டோவில் ஒரு யேனிஷ் ஆட்டம்

உலக சதுரங்கப் பட்டத்துக்கு யார் சவால் விடுவது என்பதைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்தது. அரங்கு, குயின் தெரு மேற்கில் 1889இல் எழுந்த கிரேட் ஹால். திறந்த பிரிவில் ஆடிய எட்டுப் பேரில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் சென்னைக்காரர்கள். பெண்கள் பிரிவில் பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி ஆடினார்.

இரண்டாம் சுற்றில் பிரக்ஞானந்தா குகேஷிடம் தோற்றார். அதே சுற்றில் நாசிக்கைச் சேர்ந்த விதித் குஜராத்தி, அமெரிக்காவின் ஹிகாரு நகமுராவை வீழ்த்தியிருந்தார். ஏப்ரல் 6 அன்று மூன்றாம் சுற்றில் விதித்தும் பிரக்ஞானந்தாவும் மோதினர். விதித்துக்கு வெள்ளைக் காய்கள்.

ஆட்டம் ரூய் லோபஸில் தொடங்கியது. 1561இல் சதுரங்க நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியாரின் பெயர் அது. வெள்ளை மந்திரி, கறுப்புக் குதிரையை மிரட்டி பி5 கட்டத்தில் வந்து நிற்கும். பெரும்பாலோர் இங்கே ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியோ மற்றக் குதிரையை வெளியே எடுத்தோ பதில் சொல்வார்கள். பிரக்ஞானந்தா ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சிப்பாயை எஃப்5 கட்டத்துக்குத் தள்ளினார். வெள்ளையின் நடுச் சிப்பாயை அது நேரே தாக்குகிறது. பிறகு கோட்டை கட்டினால், திறந்த எஃப் வரிசை யானைக்குக் கிடைக்கும். ஆனால் ராஜாவை மறைத்து நின்ற சிப்பாய் போய்விடுவதால், மூலைவிட்ட வழியாக வரும் தாக்குதலுக்குக் கறுப்பு இடம்கொடுக்கிறது.

இந்த எஃப்5 நகர்த்தலை 1847இல் ஆராய்ந்தவர் ரஷ்யப் பேரரசின் கார்ல் யேனிஷ். பின்னால் ஜெர்மானிய வழக்கறிஞர் ஷ்லீமானின் பெயரும் ஒட்டிக்கொண்டது; அவர் ஆடியது உண்மையில் சற்று வேறுபட்ட வடிவம். நெடுங்காலம் இதைத் துணிச்சலான சூதாட்டமாகவே பார்த்தார்கள். அஜர்பைஜானின் தைமூர் ரஜாபோவ் முன்னணி ஆட்டக்காரர்களுக்கு எதிராகத் தொடர்ந்து கையாண்ட பிறகே இதற்கு மரியாதை கூடியது. கணினி வெள்ளைக்குச் சிறு சாதகம் காட்டினாலும், அதை அடையும் வழியைப் பலகை முன் அமர்ந்து கண்டுபிடிப்பது எளிதல்ல. எதிராளி இதற்குத் தயாராகி வந்திருக்க மாட்டார் என்ற கணிப்புதான் இத்தொடக்கத்தின் பெரும்பலம்.

கறுப்பில் ஆடி வென்றார் பிரக்ஞானந்தா. போட்டி முடிவில் அவர் 14 ஆட்டங்களில் 7 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம். விதித் 6 புள்ளிகளுடன் ஆறாம் இடம். 9 புள்ளிகள் எடுத்த 17 வயது குகேஷ் முதலிடம் பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனார்.