காரும் பிசானமும்: தென்காசிச் சீமையின் மழை வரலாறு

ஆரியங்காவுக் கணவாயில் மலை சற்றே தாழ்ந்து வழிவிடுகிறது. கிழக்குச் சரிவின் பல ஊர்கள் மழை மறைவில் காய்ந்து கிடக்கும் ஆனி, ஆடியில், தென்மேற்குக் காற்று இந்த வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலாக இறங்கும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. முன்னதை நம்பிக் கார், பின்னதை நம்பிப் பிசானம் என்று சிற்றாற்றுக் கால்களிலும் குளங்களிலும் இரண்டு போகம் எடுத்த சீமை இது. இந்த இரட்டை மழையை மறந்துவிட்டு இங்கே பருவநிலையையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க முடியாது.

இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875இல்தான். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் மழைக்கு மரமே நல்ல சாட்சி. வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை, தேக்கில் விழும். மழைக்காலத் தொடக்கத்தில் அது பெரிய துளைகளை வரிசையாக இடுகிறது. பிறகு துளைகள் சிறுக்கும், கட்டை இறுகும், வறண்ட மாதங்களில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மெல்லிய குழாய்த் துரப்பணத்தால் எடுத்த பென்சில் பருமனுள்ள குச்சியை உப்புத்தாளில் வழவழப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், மழை பொய்த்த ஆண்டு நூலாக ஒடுங்கியிருப்பது தெரியும். ஒரு மரத்தை மட்டும் நம்பக் கூடாது. பூச்சி அரித்திருக்கலாம், பக்கத்து மரம் நெருக்கியிருக்கலாம். பல மரங்களின் வளையங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுக் கோக்க வேண்டும்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் போர்கோங்கர் குழுவினர், கேரளத் தேக்குகளில் 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளை இப்படிக் கோத்து 2010இல் வெளியிட்டார்கள். பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயில் எழுப்பிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறையில் அந்தக் கணக்கு தொடங்குகிறது! நம் ஊர் வரலாற்றாசிரியர்கள் இதைக் கையில் எடுக்காதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

அதே 2010இல் எட்வர்ட் குக் குழுவினர், ஆசியாவெங்கும் எடுத்த 300க்கு மேற்பட்ட மர வளையத் தொடர்களைக் கொண்டு வறட்சி வரைபடத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் துலங்கும் பெரும் வறட்சிகளில் மூன்று நமக்கு நெருக்கமானவை: 1756–68, 1790–96, 1876–78. மூன்றாவது, தாது வருஷப் பஞ்சம். முதல் இரண்டைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் 1755இல் பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டையை முற்றுகையிட்டார். 1761இல் கம்பெனிப் படைத்தலைவர் யூசுப் கான் அதைப் பிடித்தார். பூலித்தேவரின் போராட்டம் முதல் வறட்சிக்கு ஓராண்டு முன் தொடங்கினாலும், அதன் பெரும்பகுதி அந்த வறட்சிக்குள் விழுகிறது. இரண்டாவது வறட்சி ஓய்ந்த மூன்றாம் ஆண்டில் கட்டபொம்மன் தூக்கிலேறினார். இரு போராட்டங்களிலும் கிஸ்தியே முதல் வழக்கு. விளையாத நிலத்துக்கு வரி கேட்டதுதான் வாளைக் கீழே வைக்க விடவில்லையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் அவசரப்படக் கூடாது. அந்தத் தொகுப்பு காட்டுவது ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மண்ணின் ஈரத்தை மட்டுமே. காரைப் பற்றி அது பேசும்; பிசானத்தைப் பற்றி வாய் திறக்காது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மெலிந்தாலும் வடகிழக்கு பல வேளை வலுத்துப் பெய்யும் என்பதை வானிலையாளர் அறிவர். கார் கருகிய வருஷத்திலேயே பிசானம் களம் நிறைந்திருக்கவும் கூடும். சென்னை மாகாணத்தில் 1876இல் இரண்டுமே தவறின. பஞ்சம் அத்தனை உயிர்களைக் கொண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். 1760களில் இங்கே தவறியது ஒரு மழையா, இரண்டுமா? பூலித்தேவரின் சீமையில் பஞ்சம் வந்ததா என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

விடை தேட வழியும் இருக்கிறது. வடகிழக்கு மழைநீரில் எடை கூடிய ஆக்சிஜன் அணுக்கள் தென்மேற்கு மழைநீரைவிடக் குறைவு. மரம் குடித்த நீரின் அடையாளம் அதன் கட்டையில் தங்கும். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் கேரளத் தேக்கில் இதை அளந்திருக்கிறார்கள். ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்து முதுமரங்களில் வளையத்தின் உள்பாதி, வெளிப்பாதி என்று பிரித்து அளந்து, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலுள்ள கம்பெனிக் காலத்து வருவாய்க் கடிதங்களோடு வருஷம் வருஷமாக ஒப்பிட வேண்டும். சிற்றாற்றுக் குளங்களின் அடி வண்டலும் இன்னொரு சாட்சி. அதிலுள்ள மகரந்தமும் மணலும் எந்தக் காலத்தில் வெள்ளம், எந்தக் காலத்தில் வறட்சி என்று சொல்லும். தூர்வாரும் இயந்திரம் அடிமண்ணை ஒருமுறை புரட்டிவிட்டால் அடுக்குகள் கலந்துபோகும். எனவே அடுத்த குளத்தைத் தூர்வாருமுன், நடுக்குளத்தில் ஒரு குழாய் இறக்கி அடிவரை மண்ணெடுத்து வைக்கும்படி நீர்வளத் துறையையும் பல்கலைக்கழகத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.