சேமிப்பிலுள்ள கண்ணிவெடிகளை அழித்தல்

சேமிப்பிலுள்ள கண்ணிவெடிகளை அழித்தல் என்பது, நிலத்தில் புதைக்கப்படாமல் படைத்துறைக் கிடங்குகளில் இருப்பு வைக்கப்பட்டுள்ள கண்ணிவெடிகளை மீண்டும் பயன்படுத்த இயலாதவாறு பாதுகாப்பாக ஒழிக்கும் செயற்பாடு ஆகும். இது, புதைக்கப்பட்ட வெடிகளைத் தேடி எடுக்கும் கண்ணிவெடி அகற்றலில் இருந்து வேறுபட்டது. கிடங்கிலுள்ள வெடிகளின் வகையும் எண்ணிக்கையும் முன்னரே அறியப்பட்டவை என்பதால், அவற்றை அழிப்பது பொதுவாக எளிது. எனினும் எல்லா வகை வெடிகளுக்கும் இது பொருந்தாது.

ஒட்டாவா உடன்படிக்கை

1997 டிசம்பரில் கையெழுத்திடப்பட்டு, 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒட்டாவா உடன்படிக்கை, ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளை (மிதிவெடிகளை) தடை செய்கிறது. இதன் 4ஆம் பிரிவின்படி, உறுப்பு நாடு ஒன்று தன் இருப்பை நான்கு ஆண்டுகளுக்குள் அழிக்க வேண்டும். பயிற்சிக்கென ஒரு சிறு எண்ணிக்கையை வைத்திருக்க 3ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உறுப்பு நாடுகள் இதுவரை 5 கோடிக்கும் மேற்பட்ட வெடிகளை அழித்துள்ளன.

அழிக்கும் முறைகள்

* திறந்தவெளியில் வெடிக்கச் செய்தல்: வெடிகள் குழிகளில் அடுக்கப்பட்டு, வேறொரு வெடிமருந்தின் துணையுடன் ஒன்றாக வெடிக்க வைக்கப்படுகின்றன. செலவு குறைவு; ஆனால் அதிர்வு, புகை, மண் மாசு ஆகியவை ஏற்படும்.
* பிரித்தெடுத்தல்: வெடிதூண்டி முதலில் நீக்கப்பட்டு, வெடிமருந்தும் உலோகமும் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன.
* மூடிய உலையில் எரித்தல்: தடித்த சுவர்களைக் கொண்ட உலையில் வெடிகள் சிறிது சிறிதாக எரிக்கப்பட்டு, வெளியேறும் வாயு தூய்மைப்படுத்தப்படுகிறது.

பி.எஃப்.எம்-1 வெடி

சோவியத் ஒன்றியம் உருவாக்கிய பி.எஃப்.எம்-1 என்னும் சிறிய நெகிழி வெடி, அதன் வடிவத்தால் பட்டாம்பூச்சி வெடி எனவும் அழைக்கப்படுகிறது. இதனுள் இருப்பது திரவ வெடிமருந்து. இவ்வெடியைப் பிரித்துச் செயலிழக்கச் செய்ய முடியாது. திறந்தவெளியில் எரித்தால் நச்சு வாயுக்கள் வெளிப்படும். ஆகவே சிறப்பு உலை தேவைப்படுகிறது.

பெலருஸ் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட இத்தகைய வெடிகளை வைத்திருந்தது. அந்நாட்டிற்கான காலக்கெடு 2008 மார்ச் 1 அன்று முடிவடைந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் சிறப்பு உலை அமைக்கப்பட்டு, 2017 ஏப்ரலிலேயே பணி நிறைவுற்றது. உக்ரைனின் காலக்கெடு 2010இல் முடிந்தபோதும், அந்நாட்டின் இருப்பில் பெரும்பகுதி அழிக்கப்படவில்லை.

பிற நாடுகள்

இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் இணைந்தது. தன் இருப்பை 2021இல், காலக்கெடுவுக்கு முன்பே அழித்து முடித்தது. இந்தியா, சீனா, உருசியா, ஐக்கிய அமெரிக்கா ஆகியவை உடன்படிக்கையில் இணையவில்லை.

அழிக்கப்பட்ட இருப்பு மீண்டும் உருவாகாது என்பதற்கு உடன்படிக்கையில் தொடர்ந்து இருப்பதே உறுதி ஆகும். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வெடிகளை அழித்திருந்த பின்லாந்தும், எசுத்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, போலந்து ஆகியவையும், உருசியாவின் அச்சுறுத்தலைக் காரணம் காட்டி, 2025இல் உடன்படிக்கையில் இருந்து விலக முடிவு செய்தன.