மமாடூ தியா பதவி நீக்கம் (1962)

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் முதல் பிரதமர் மமாடூ தியா (1910–2009), 1962 டிசம்பரில் பதவியிழந்த நிகழ்வு. 1960இல் விடுதலை பெற்ற செனகலில் குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செடார் செங்கோரும் தியாவும் ஆட்சியைப் பகிர்ந்துகொண்டனர். இருவரும் நெடுங்கால அரசியல் தோழர்கள்.

நிலக்கடலை வணிகத்தைக் கூட்டுறவுகளின் கைக்கு மாற்றத் தியா முனைந்தார். இது பிரெஞ்சு வணிகர்களையும் உள்நாட்டுச் செல்வாக்கினரையும் பகைக்கச் செய்தது. டிசம்பர் 14இல் செங்கோர் ஆதரவு உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தனர். ஆளுங்கட்சியே முதலில் முடிவெடுக்க வேண்டும் என்று வாதிட்ட தியா, 17ஆம் தேதி தேசியப் பேரவை உறுப்பினர்களைக் காவற்படையினரைக் கொண்டு வெளியேற்றினார். உறுப்பினர்கள் அன்றே பேரவைத் தலைவர் லாமின் கேயின் இல்லத்தில் கூடித் தீர்மானத்தை நிறைவேற்றினர். இராணுவம் செங்கோர் பக்கம் நின்றது. மறுநாள் தியா கைதானார்.

ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக் குற்றச்சாட்டில் 1963 மே மாதம் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது; கெடூகுவில் சிறைவைக்கப்பட்டார். சக அமைச்சர்கள் சிலரும் தண்டிக்கப்பட்டனர். 1963ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பு பிரதமர் பதவியையே நீக்கியது. 1970இல் அப்பதவி மீட்கப்பட்டு அப்து தியூஃப் பிரதமரானார். தியா 1974இல் விடுதலையானார்.