சாய்ந்த மரங்கள் சொன்ன சேதி

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. அந்த இழப்பைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். விழுந்த மரம் எத்திசை நோக்கி விழுந்தது என்னும் எளிய கேள்வி, புயலைப் பற்றிய அறிவியலையே திசைதிருப்பிய வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை.

1821 செப்டம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தை ஒரு புயல் தாக்கியது. சேணம் தைக்கும் தொழில் பயின்ற வில்லியம் ரெட்ஃபீல்டு பின்னர் அவ்வழியே பயணம் செய்தார். தம் ஊர்ப்பக்கம் வடமேற்கு நோக்கிச் சாய்ந்திருந்த மரங்கள், தொலைவில் மாசசூசெட்சில் நேரெதிராகத் தென்கிழக்கு நோக்கிக் கிடந்தன. ஒரே திசையில் வீசும் காற்றால் இது இயலாது. புயல் ஒரு பெருஞ்சுழல் என்ற முடிவை 1831இல் அவர் வெளியிட்டார். ஜேம்ஸ் எஸ்பி அதை மறுத்தார். காற்று நாற்புறமிருந்தும் நேரே மையத்தை நோக்கிப் பாய்கிறது என்பது அவர் கட்சி. இவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

வங்கக் கடலின் சான்றுகளைத் திரட்டியவர் கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன். புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒப்பிட்டு, எந்தக் கப்பலுக்கு எத்திசையில் காற்று வீசியது எனக் குறித்துக்கொண்டே வந்தார். 1848இல் மாலுமிகளுக்காக அவர் எழுதிய கைந்நூலில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் அச்சேறியது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார்.

சுருளாக்குவது எது? கவணைச் சுழற்றுபவரின் கையை எண்ணிப் பாருங்கள். கல் நேரே ஓடத்தான் முயல்கிறது. கயிறு உள்நோக்கி இழுப்பதால்தான் வட்டமிடுகிறது. இந்த இழுப்பே மையநோக்கு விசை. புயலில் கயிறு இல்லை. மையத்தில் காற்றழுத்தம் குறைவாகவும் வெளியே மிகுதியாகவும் இருப்பதால் எழும் உந்துதலே கயிற்றின் வேலையைச் செய்கிறது.

மையத்திலிருந்து 30 கி.மீ. தொலைவில் மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் சுழலும் காற்றுக்கு வேண்டிய மையநோக்கு முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 மில்லிபார் அழுத்த வேறுபாடு அதற்குப் போதும். ஆனால் வேகம் இருமடங்கானால் அதே தொலைவில் இழுப்பு நான்கு மடங்காக வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் கரையில், புவிச்சுழற்சியால் விளையும் கோரியோலிஸ் விளைவு அந்த இழுப்பில் நாற்பதில் ஒரு பங்களவே. சுழல் இடஞ்சுழியாக அமைவது அதனால்; மையத்தருகே வட்டத்தைக் கட்டிக் காப்பது அழுத்த வேறுபாடு.

தரையருகே உராய்வு வேகத்தைக் குறைக்கிறது. அங்கே இழுப்பு மிஞ்சுவதால் காற்று சுழன்றுகொண்டே உள்ளே சரிகிறது. ஆகவே ரெட்ஃபீல்டு, எஸ்பி இருவரிடமும் பாதி உண்மை இருந்தது.

இந்த வரலாறு டெல்டாக்காரருக்கு ஏட்டறிவு மட்டுமன்று. 1955 நவம்பர் இறுதியில் பட்டுக்கோட்டைப் பகுதியின் இராசாமடம் அருகே கரைகடந்த புயலில் கடல் 5 மீட்டர் வரை எழும்பியது. சுமார் 500 பேர் மாண்டனர். கிழக்கிலிருந்து வரும் புயலின் மையம் ஓர் ஊரை நேராகக் கடந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். பின் மையப்பகுதியின் அமைதி. 'ஓய்ந்தது' என்று வாசலுக்கு வருபவர்களை, சற்று நேரத்தில் தெற்கிலிருந்து எழும் காற்று தாக்கும். முதல் வீச்சில் வேர் தளர்ந்த மரம் மறுவீச்சில் எதிர்ப்புறமாக விழும்.

அந்த இடைவேளையில் தோப்பைப் பார்க்கப் போகக்கூடாது. கடும் காற்று சட்டென நின்றால், பாதிதான் கடந்திருக்கிறது என்று கொள்வதே அறிவு. பிடிங்டன் மாலுமிகளுக்கு வரைந்து காட்டிய அந்த வட்டத்தை நம் பள்ளிப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் வரைந்து பார்க்க வேண்டும்.