ஹெலிகாப்டர் விபத்துகளில் எஞ்சின் செயலிழப்பும் பராமரிப்புக் குறைபாடும்

பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டர் இயந்திரக் கோளாறால் விழும்போது அதை 'எஞ்சின் கோளாறு' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் எஞ்சின் நின்றுபோவதும், எஞ்சினின் ஆற்றலைச் சுழலிக்குக் கொண்டுசேர்க்கும் கியர் பெட்டி உடைவதும் வெவ்வேறு நிகழ்வுகள். முதலாவதிலிருந்து விமானி தப்புவதற்கு வழி உண்டு, இரண்டாவதில் பெரும்பாலும் இல்லை.

எஞ்சின் நின்றவுடன் ஒருவழிக் கிளட்ச் என்னும் அமைப்பு அதைச் சுழலியிலிருந்து தானாகவே விடுவித்துவிடும். விமானி தாமதிக்காமல் சுழலி இறக்கைகளின் கோணத்தைக் குறைத்தால், கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் காற்றே சுழலியைச் சுற்ற வைக்கும். தரையை நெருங்கும் வேளையில் கோணத்தைக் கூட்டினால், சுழற்சியில் தேங்கிய ஆற்றல் தூக்குவிசையாக மாறி, இறங்கும் வேகம் தணியும். தற்சுழற்சி இறக்கம் எனப்படும் இம்முறை விமானிப் பயிற்சியின் கட்டாயப் பகுதியாகும். எனினும் குறைந்த உயரத்தில் குறைந்த வேகத்தில் பறக்கையில் இதற்கு அவகாசம் இருப்பதில்லை. இருளும் நெருக்கமான கட்டடங்களும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 2013 நவம்பர் 29 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை ஹெலிகாப்டர் ஒன்று மதுக்கூடத்தின் கூரைமீது விழுந்து 10 பேர் இறந்தனர். முதன்மைத் தொட்டியில் எரிபொருள் இருந்தும், அதை எஞ்சின்களுக்கு எரிபொருள் அளிக்கும் சிறு தொட்டிகளுக்கு ஏற்றும் பம்புகள் நிறுத்தப்பட்டிருந்ததால், இரு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன என்று விசாரணை கண்டறிந்தது.

இரண்டு எஞ்சின் கொண்ட ஹெலிகாப்டரில் ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். முதன்மைக் கியர் பெட்டிக்கோ மாற்று என்று ஒன்று கிடையாது. ஆகவே அதன் நம்பகத்தன்மை வடிவமைப்பையும், விரிசலையும் தேய்மானத்தையும் முன்கூட்டியே காணும் பராமரிப்பையும் மட்டுமே சார்ந்துள்ளது. உலோகத் துகள்கள் எண்ணெயில் கலந்தால் அவற்றைக் காந்தத்தால் பிடித்துக்காட்டும் துகள் கண்டறிவி இதற்கான முதன்மைக் கருவிகளுள் ஒன்று. 2009 ஏப்ரல் 1 அன்று வடகடலில் 16 பேருடன் விழுந்த சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் கியர் பெட்டியில், விபத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே, மார்ச் 25இல், அத்தகைய துகள் ஒன்று அகப்பட்டது. ஆனால் பராமரிப்பாளர்களுக்கும் உற்பத்தியாளருக்கும் இடையிலான தகவல் பரிமாற்றத்தில் தெளிவு குறைந்ததால் அத்துகளின் முக்கியத்துவம் உணரப்படவில்லை. செய்யவேண்டிய சோதனையும் முழுமையாக நடைபெறவில்லை. உள்ளிருந்த கோள் கியர் உடைந்து, சுழலி கழன்றது, ஒருவரும் பிழைக்கவில்லை. 2016இல் நார்வேயின் தூரோய் தீவருகே இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டர் ஏறத்தாழ இதே விதமாக விழுந்து 13 பேர் மாண்டனர். அங்கு விரிசல் உலோகத்தின் உட்புறமாகவே வளர்ந்தது, கண்டறிவியும் எச்சரிக்கவில்லை. எனவே எல்லாப் பழியையும் பராமரிப்பாளர் மீது சுமத்துவது நியாயமாகாது.

பராமரிப்பும் வடிவமைப்பும் ஒருசேரத் தவறியதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் 2009 மார்ச் 12 அன்று நேர்ந்த விபத்தே தெளிவான சான்று. எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் பணியாளர்களை ஏற்றிச்சென்ற சிகார்ஸ்கி எஸ்-92 ரக ஹெலிகாப்டரில் 18 பேர் இருந்தனர். கியர் பெட்டியின் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணம் மூன்று டைட்டானியத் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. வடிகட்டியை மாற்றும்போதெல்லாம் நட்டுகளைக் கழற்றி முடுக்கியதில் திருகாணிகளின் புரிகள் உராய்ந்து சிதைந்தன. இறுக்கம் சீராக அமையாததால் உலோகச் சோர்வு, அதாவது திரும்பத்திரும்ப வரும் சுமையால் உண்டாகும் நுண்விரிசல், அவற்றில் வளர்ந்தது. இச்சிதைவைக் கண்டுபிடிக்கப் பராமரிப்புக் கையேட்டில் சேர்க்கப்பட்டிருந்த சோதனை முறை சரிவர நடைமுறைக்கு வரவில்லை. பறக்கையில் இரண்டு திருகாணிகள் முறிந்தன; எண்ணெய் முழுவதும் வெளியேறியது; கரை நோக்கித் திரும்பிய ஹெலிகாப்டர் ஏறக்குறைய 11 நிமிடங்களில், வால் சுழலியை இயக்கும் கியர் சிதைந்து, கடலில் மோதியது. ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார்.

எண்ணெய் இழந்தபின்னும் கியர் பெட்டி 30 நிமிடம் இயங்கவேண்டும் என்பது எஸ்-92 அடங்கும் வகைக்கான விதியாக இருந்தது. எண்ணெய் இழப்பு மிக மிக அரிதானது என நிறுவப்பட்டால் அதிலிருந்து விலக்கு பெற முடிந்தது. 2002ஆம் ஆண்டுச் சோதனையில் இந்தக் கியர் பெட்டி சுமார் 11 நிமிடங்களே தாங்கியது. கசிவு எண்ணெய்க் குளிரூட்டியில்தான் ஏற்படக்கூடும் என்று கருதி, அதைத் தடுக்கும் வால்வைச் சேர்த்து, விலக்கு பெறப்பட்டது. வடிகட்டிக் கிண்ணம் கவனத்தில் வரவில்லை. இதே வகைத் திருகாணிகள் 2008 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் முறிந்தபோது அந்த ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியிருந்தது. அதன்பின் 2009 ஜனவரியில் வெளியான உற்பத்தியாளரின் அறிவிக்கை, எஃகுத் திருகாணிகளுக்கு மாற ஓராண்டு அல்லது 1,250 பறப்பு மணி நேரம் வரை அவகாசம் அளித்தது. நியூஃபவுண்ட்லாந்தில் 17 பேர் இறந்த 11ஆம் நாள், மார்ச் 23 அன்று, அடுத்த பறப்புக்கு முன்பே டைட்டானியத் திருகாணிகளை மாற்றியாக வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது.