சிக்னல் கேமரா: காக்கும் கண்ணா, காசு பறிக்கும் கண்ணா?

முன்னுரை

சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. அந்த விதியை மீறுகிறவரைப் படம் பிடித்து வீட்டுக்கே அபராதச் சீட்டு அனுப்பும் கேமராவை யாராவது எதிர்ப்பார்களா? அமெரிக்காவில் எதிர்த்தார்கள். வீதிவீதியாகக் கையெழுத்து வாங்கி, பிரச்சினையை வாக்குச்சீட்டில் ஏற்றி, ஓட்டுப் போட்டே கேமராக்களை நிறுத்தினார்கள்.

இது சட்டத்தை மதிக்காதவர்களின் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. கேமராவை ஆதரித்தவர்கள் எல்லோரும் பணத்தாசை பிடித்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. சிவப்பு விளக்கை மீறிய வாகனங்களால் அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 1,100க்கும் அதிகமானோர் இறந்தனர். இவ்வகை விபத்துகளில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விதியை மீறிய வண்டியில் இருந்தவர்கள் அல்லர். பச்சை விளக்கை நம்பி வேறு வண்டியில் வந்தவர்கள், நடந்து சாலையைக் கடந்தவர்கள், சைக்கிளில் போனவர்கள். ஆகவே இந்த விவாதத்தில் ஒரு பக்கம் உயிர், இன்னொரு பக்கம் நியாயம். இரண்டும் ஏன் மோதிக்கொண்டன என்பதுதான் இந்த வரலாறு.

கேமரா பிறந்த கதை

இந்தக் கேமராவின் மூலத்தைத் தேடிப் போனால் வேடிக்கையான ஒரு செய்தி கிடைக்கிறது. மாரிஸ் காட்சோனிடஸ் என்பவர் நெதர்லாந்து நாட்டுக் கார் பந்தய வீரர். 1953ல் புகழ்பெற்ற மான்டி கார்லோ பந்தயத்தை வென்றவர். வளைவுகளில் தன் வேகத்தை இன்னும் கூட்ட முடியுமா என்று பார்ப்பதற்காக வேகம் அளக்கும் கருவியைச் செய்தார். வேகமாகப் போவதற்காகச் செய்த கருவி, வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கும் கருவியாக மாறியது! 1958ல் அவர் தொடங்கிய நிறுவனம் பின்னர் சிக்னலை மீறுகிறவர்களைப் பிடிக்கும் கேமராவையும் செய்தது.

அமெரிக்காவில் சிக்னல் கேமராவைத் தொடர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய முதல் நகரம் நியூயார்க். இது 1990களின் முற்பகுதியில் நடந்தது. கருவி செய்யும் வேலை எளிமையானதுதான். விளக்கு சிவப்புக்கு மாறிய பிறகு ஒரு வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டினால், சாலையில் பதித்த உணர்கருவி அதைக் கண்டுகொள்ளும். வண்டி கோட்டருகே இருக்கும்போது ஒரு படம், சந்திப்பின் நடுவே இருக்கும்போது இன்னொரு படம். எண் பலகையைப் பார்த்து உரிமையாளருக்குத் தபாலில் சீட்டுப் போகும்.

கலிபோர்னியாவின் ஆக்ஸ்னார்டு நகரில் 1997ல் கேமரா வைத்தபோது, சிக்னலை மீறுவது சுமார் 42 சதவீதம் குறைந்தது. கேமரா இல்லாத சந்திப்புகளிலும் இது குறைந்தது. எங்கே கேமரா இருக்கிறது என்று தெரியாததால் எல்லா இடத்திலும் மக்கள் நின்றார்கள். இதைப் பார்த்த மற்ற நகரங்களும் கேமரா வைக்கத் தொடங்கின. 2012ல் ஏறக்குறைய 540 ஊர்களில் இந்தக் கேமராக்கள் இருந்தன.

சீட்டுக்கு இவ்வளவு என்று கூலி

பிரச்சினை கேமராவில் தொடங்கவில்லை, ஒப்பந்தத்தில் தொடங்கியது. பெரும்பாலான நகரங்கள் கேமராவைத் தாங்களே வாங்கவில்லை. தனியார் நிறுவனம் கேமராவை வைத்து, பராமரித்து, படங்களைப் பிரித்துக் கொடுக்கும். அதற்குக் கூலி எப்படி? பல இடங்களில் ஒரு சீட்டுக்கு இவ்வளவு டாலர் என்று கொடுத்தார்கள்.

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் அபராதம் 271 டாலர். அதில் 70 டாலர் கேமராவை நடத்திய நிறுவனத்துக்குப் போனது. 2001ல் நீதிபதி ரொனால்ட் ஸ்டைன் இந்தக் கேமராப் படங்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டார். ஓர் ஓட்டுநர் தவறு செய்தால்தான் தனக்கு வருமானம் என்ற நிலையில் உள்ள நிறுவனம் தருவதை எப்படி நம்புவது என்பதே அங்கே எழுந்த கேள்வி. பின்னர் கலிபோர்னியா மாநிலம், சீட்டு எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் புதிய ஒப்பந்தங்களைச் சட்டம் போட்டே தடுத்தது.

சிகாகோவின் கதை இன்னும் மோசம். அங்கே 2003ல் கேமராக்கள் வந்தன. நகரப் போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரியாக இருந்த ஜான் பில்ஸ், ஒப்பந்தத்தை ரெட்ஃப்ளெக்ஸ் நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்யப் பணமும் உல்லாசப் பயணங்களும் அரிசோனாவில் ஒரு வீடும் லஞ்சமாகப் பெற்றார் என்று நிரூபணமானது. 2016ல் அவருக்கு 10 ஆண்டு சிறை. நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவுத் தலைவராக இருந்தவரும் சிறைக்குப் போனார். 2017ல் நிறுவனம் சிகாகோ நகருக்கு 2 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சட்டத்தை மீறாதே என்று படம் பிடித்த கேமராவே சட்டத்தை மீறி வந்திருக்கிறது!

மஞ்சள் விளக்கின் நொடிகள்

எதிர்ப்பாளர்களின் இன்னொரு வாதம் கணக்கு சம்பந்தப்பட்டது. மஞ்சள் விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும்? மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 13 மீட்டருக்கு மேல் ஓடும். மஞ்சள் கொஞ்ச நேரமே எரிந்தால், நிற்கவும் முடியாமல் கடக்கவும் முடியாமல் நல்ல ஓட்டுநரும் மாட்டிக்கொள்வார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காசிஸ், ஹெர்மன், மராடூடின் ஆகிய மூவர் 1960ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை.

2001ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரும்பான்மைத் தலைவராக இருந்த டெக்சாஸ்காரர் டிக் ஆர்மி, மஞ்சள் நேரத்தைச் சரிசெய்தாலே மீறல்கள் குறையும், கேமரா தேவையில்லை என்று அறிக்கை வெளியிட்டார். 2014ல் சிகாகோவில் வெளிவந்த தகவல் இந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தது. மஞ்சள் 3 நொடிக்குச் சற்றுக் குறைவாக எரிந்தபோதும் சீட்டுகள் போயிருந்தன. அப்படிப் போனவை சுமார் 77,000. தொகை 77 லட்சம் டாலர். வித்தியாசம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அந்தச் சிறு இடைவெளியில் நகராட்சியின் மீதிருந்த நம்பிக்கை விழுந்துவிட்டது.

ஓரிகான் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு 2013ல் கேமராச் சீட்டு வந்தது. அவர் உட்கார்ந்து 1960ஆம் ஆண்டுச் சூத்திரத்தையே ஆராய்ந்தார். திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிகளுக்கு அந்தச் சூத்திரம் போதிய நேரம் தரவில்லை என்று கண்டார். அதை வெளியே சொன்னதற்கு, உரிமம் இல்லாமல் பொறியியல் செய்ததாக மாநில வாரியம் அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது. அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் வென்றார். 2020ல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கமே அவர் சொன்ன திருத்தத்தைத் தன் பரிந்துரையில் சேர்த்துக்கொண்டது.

ஹூஸ்டனில் நடந்த வாக்கெடுப்பு

டெக்சாஸ் மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் ஹூஸ்டன். அங்கே 2006ல் கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கின. 50 சந்திப்புகளில் 70 கேமராக்கள். அபராதம் 75 டாலர். செலவு போக மீதியில் பாதி, விபத்தில் அடிபட்டோருக்குச் சிகிச்சை தரும் மாநில நிதிக்குப் போக வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். ஆகவே கேமரா நின்றால் மருத்துவமனைக்கும் நட்டம்.

கூபோஷ் சகோதரர்கள் எதிர்ப்பை முன்னின்று நடத்தினார்கள். அவர்களில் ஒருவரான பால் கூபோஷ், போக்குவரத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். போலீஸ்காரர் நிறுத்தினால் அவரிடம் விளக்கம் சொல்லலாம், நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்யலாம், கேமராவிடம் என்ன கேட்பது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். மற்றொரு பக்கம், கேமராவை நடத்திய நிறுவனமே பணம் செலவழித்து ஆதரவுப் பிரச்சாரம் செய்தது. 2010 நவம்பரில் ஓட்டெடுப்பு. சுமார் 53 சதவீதம் பேர் கேமரா வேண்டாம் என்றார்கள். கேமராக்கள் நின்றன.

கதை அங்கே முடியவில்லை. ஒப்பந்தம் 2014 வரை இருந்ததால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நகரச் சட்டத்தை எதிர்த்து ஓட்டெடுப்புக் கேட்பதற்குரிய காலக்கெடு முன்பே முடிந்துவிட்டது, ஆகவே ஓட்டெடுப்புச் செல்லாது என்று 2011 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி லின் ஹ்யூஸ் தீர்ப்பளித்தார். ஜூலையில் கேமராக்கள் மறுபடி விழித்தன. மக்கள் வேண்டாம் என்று சொன்னது மீண்டும் வந்ததால் கோபம் இன்னும் கூடியது. ஆகஸ்டில் நகர மன்றமே கேமராச் சட்டத்தை ரத்து செய்தது. 2012ல் நிறுவனத்துக்கு 48 லட்சம் டாலர் வரை தருவதாக நகரம் சமரசம் செய்துகொண்டது. சகோதரர்களில் ஒருவரான மைக்கேல் கூபோஷ் 2013ல் நகர மன்ற உறுப்பினராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2019ல் ஆளுநர் கிரெக் அபோட் கையெழுத்திட, டெக்சாஸ் மாநிலம் முழுவதும் சிக்னல் கேமராக்கள் தடை செய்யப்பட்டன. அதற்கு முன்பே மிசிசிப்பியும் மொன்டானாவும் 2009ல் தடை விதித்திருந்தன. மாறாக, வர்ஜீனியா 2005ல் கேமராச் சட்டத்தைக் காலாவதியாக விட்டு, 2007ல் மீண்டும் அனுமதித்தது.

நிறுத்திய பிறகு என்ன ஆயிற்று?

ஹூஸ்டன் ஓட்டெடுப்பு ஆய்வாளர்களுக்கு ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. ஜஸ்டின் கலகர், பால் ஃபிஷர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கேமரா போன பிறகு பக்கவாட்டில் மோதும் விபத்துகள் 26 சதவீதம் கூடின. மற்ற வகை விபத்துகள் 18 சதவீதம் குறைந்தன. காரணம் எளிது. கேமராவுக்குப் பயந்து ஒருவர் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருபவர் இடித்துவிடுவார். மொத்தத்தில் கேமரா பாதுகாப்பைக் கூட்டியதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு.

2005ல் கூட்டாட்சி நெடுஞ்சாலைத் துறைக்காக 132 சந்திப்புகளில் நடந்த ஆய்விலும் இதே இருமுகம் தெரிந்தது. பக்கவாட்டு மோதல்கள் சுமார் 25 சதவீதம் குறைந்தன, பின்பக்க மோதல்கள் சுமார் 15 சதவீதம் கூடின. ஆனால் பக்கவாட்டு மோதல்தான் அதிகக் கொடுமையானது என்பதால், கூட்டிக் கழித்தால் ஓரளவு நன்மையே என்றது அந்த ஆய்வு. காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2016ல் வெளியிட்ட ஆய்வு, கேமராவை நிறுத்திய 14 நகரங்களில் சிக்னலை மீறுவதால் ஏற்படும் உயிரிழப்பு விபத்துகளின் விகிதம், நிறுத்தாமல் இருந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடியதைவிட 30 சதவீதம் அதிகம் என்றது.

ஒருவர் மொத்த விபத்துகளை எண்ணுகிறார், மற்றவர் இறந்தவர்களை எண்ணுகிறார். இரு தரப்பும் தனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டது.

முடிவுரை

இந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் விட்ட ஓர் ஊர் ஃபிலடெல்பியா. அங்கே முதலில் மஞ்சள் விளக்கின் நேரத்தைச் சுமார் ஒரு நொடி கூட்டினார்கள். மீறல்கள் 36 சதவீதம் குறைந்தன. அதன் பிறகு கேமரா வைத்தார்கள். மிச்சமிருந்த மீறல்களில் 96 சதவீதம் குறைந்தது. அதாவது மஞ்சள் நேரமா, கேமராவா என்று இரண்டையும் எதிரிகளாக நிறுத்திப் பேசியதே தவறு. அவசரத்தில் மாட்டிக்கொள்கிறவரை மஞ்சள் காப்பாற்றியது. வேண்டுமென்றே மீறுகிறவரைக் கேமரா தடுத்தது.

ஆனால் இந்த வரிசையில் செய்ய நகராட்சிக்கு மனம் வர வேண்டும். மஞ்சளைக் கூட்டினால் சீட்டு குறையும், சீட்டு குறைந்தால் வருமானம் குறையும். பல நகரங்கள் இந்த இடத்தில்தான் வழுக்கின. ஹூஸ்டன் மக்கள் ஓட்டுப் போட்டது வெறும் இயந்திரத்துக்கு எதிராக அல்ல. தங்கள் தவறு யாருக்கோ லாபமாக இருக்கிறது என்ற சந்தேகத்துக்கு எதிராகவும்தான். அந்தச் சந்தேகத்தை முதலிலேயே தீர்த்திருந்தால், பச்சை விளக்கை நம்பிச் சந்திப்பில் நுழைகிறவருக்கும் ஒரு காவல் மிஞ்சியிருக்கும். கேமரா நேர்மையாகப் படம் பிடித்தால் மட்டும் போதாது, அதை வைத்தவரும் நேர்மையாக இருக்க வேண்டும்.