வால்கிரைண்டா, ஏசானா?

பைத்தானிலிருந்து சிடைப்ஸ் வழியாக ஒரு சி ஃபங்ஷனை அழைக்கிறோம். நாம் கொடுத்த பஃபரைத் தாண்டி அது ஒரே ஒரு பைட் எழுதிவிடுகிறது. நிரல் அங்கே விழுவதில்லை. நூறு வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒற்றை வரியோடு சாய்கிறது. பைத்தானின் வழக்கமான டிரேஸ்பேக்கும் கிடைக்காது. இந்த மாதிரி பிழைக்கு லினக்ஸில் பெரும்பாலோர் கைவைப்பது இரண்டு கருவிகளில் ஒன்றில்: ஜூலியன் சீவார்ட் தொடங்கிய, 2002இல் வெளிவந்த வால்கிரைண்ட், கூகுள் பொறியாளர்கள் 2012இல் ஆய்வுக் கட்டுரையாக விவரித்த அட்ரஸ்சானிட்டைசர், சுருக்கமாக ஏசான்.

வால்கிரைண்டுக்கு எதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். ஓடும் நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து, நினைவகத் தொடுகைகளைச் சரிபார்த்துக்கொண்டே ஓட்டும். விலை, 20 முதல் 30 மடங்கு மந்தம். பைத்தானில் இது இன்னும் உறுத்தும்; நாம் சந்தேகப்படுவது நாற்பது வரி சி கோடாக இருந்தாலும், இன்டர்பிரெட்டர் முழுவதையும் சேர்த்தே அது சோதிக்கிறது. ஏசான் கம்பைல் செய்யும்போதே சோதனைகளைக் கோடுக்குள் நுழைத்துவிடுவதால் நம் லைப்ரரி மட்டும் ஏறத்தாழ இரண்டு மடங்கு மெதுவாகும். ஆனால் சோர்ஸ் கையில் இருக்க வேண்டும். பைத்தான் ஏசானோடு கட்டப்படாததால், ஏசானின் ரன்டைமை எல்டி_பிரீலோட் மூலம் முதலில் ஏற்றவும் வேண்டும். மறந்தால் ஓடவே மறுக்கும்.

இரண்டையும் ஒருசேர ஏமாற்றுவது பைத்தானின் பைமல்லாக். 512 பைட் வரையுள்ள கோரிக்கைகளை மல்லாக்கிடம் அனுப்பாமல், மொத்தமாக வாங்கிய பெரிய துண்டிலிருந்து அதுவே அறுத்துக் கொடுக்கும். சிடைப்ஸில் 64 பைட் பஃபர் ஒன்றை உருவாக்கி, ஸ்டிரிங் காப்பி மூலம் 64 எழுத்துகளை நகலெடுக்கச் சொல்லுங்கள். முடிவில் வரும் பூஜ்ய பைட் 65ஆவதாகப் பக்கத்துத் துண்டின் தலையில் விழும். அந்தத் துண்டு காலியாக இருந்தால், அங்கே இருந்த 'அடுத்த காலித் துண்டு எங்கே' என்ற பாயின்டர் கெடும். அதன் பலன் பின்னால் எப்போதோ தெரியும். கருவிகளோ வாயே திறக்காது, ஏனென்றால் அவற்றின் கணக்கில் அது பெரிய துண்டுக்குள் நடந்த நியாயமான எழுத்து. பைத்தான் 3.6 முதல் உள்ள பைத்தான்மல்லாக் என்ற சூழல் மாறிக்கு 'மல்லாக்' என்று மதிப்பு கொடுத்து ஓட்டினால், '64 பைட் துண்டு முடிந்த இடத்தில் ஒரு பைட் எழுத்து' என்று வால்கிரைண்ட் வரி எண்ணோடு சொல்லும் (டீபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால்). ஏசானும் சொல்லிவிட்டு, முதல் பிழையிலேயே நிரலை நிறுத்திவிடும். வால்கிரைண்ட் தொடர்ந்து ஓடும்.

பார்வை எல்லையும் வேறு. மதிப்பே வைக்காத நினைவகத்தைப் படித்து முடிவெடுக்கும் தவறு, பாதி நிரப்பிய ஸ்டிரக்ட்களில் அடிக்கடி வருவது. அதை வால்கிரைண்ட் பிடிக்கும், ஏசானுக்குத் தெரியாது. ஃபங்ஷனுக்குள் அறிவித்த உள்ளூர் அரேயைத் தாண்டி எழுதுவது இதற்கு நேர்மாறு. நம் சொந்த சி கோடுக்குத் தினசரி ஏசானே போதும். லீக் சோதனையை மட்டும் அணைத்துவிடலாம், இல்லாவிட்டால் பைத்தான் வெளியேறும்போது விடுவிக்காத நினைவகமெல்லாம் அறிக்கையில் குவியும். பிறர் கட்டிக்கொடுத்த லைப்ரரி என்றால் வால்கிரைண்டைத் தவிர வேறு வழி குறைவு.

சிடைப்ஸில் மிகச் சாதாரணமான தவறுக்கு மட்டும் இரண்டும் அரைகுறையாகவே உதவுகின்றன. திரும்பி வரும் மதிப்பின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப்பைக் குறிப்பிடாவிட்டால், எந்த ஃபங்ஷனும் இன்ட் தருவதாகவே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் திரும்பி வந்த பாயின்டரின் மேல் பாதி வெட்டுப்படும். மீதியை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் விழும். 'இது ஸ்டாக்கிலும் இல்லை, மல்லாக் தந்ததும் இல்லை' என்கிறது வால்கிரைண்ட். ஏசான் 'தெரியாத முகவரி' என்கிறது. இரண்டும் கைகாட்டுவது சி பக்கத்தை; தவறோ பைத்தானில் எழுதாமல் விட்ட ஒரு வரி. அதனால் இவற்றைத் தொடுவதற்கு முன் பைத்தான் 3.3இல் வந்த ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்கி ஒருமுறை ஓட்டுங்கள். எந்தப் பைத்தான் வரி சி-க்குள் நுழைந்தது என்று தெரிந்ததும், அந்த ஃபங்ஷனுக்கும் அதற்குப் பாயின்டர் கொடுத்த ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப்பும், ஆர்குமென்ட் வகைகளைச் சொல்லும் ஆர்க்டைப்ஸும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.